பட்லருக்கு மூக்கு போன வருஷம்

பஸ்ஸில் ஒரு சீட் விட்டு ஒரு சீட்டில் பெருக்கல் குறி ஒட்டியிருந்தார்களே, விவேக் நகர் சர்ச்சில் பூசையைக்கூட போனில் காட்டினார்களே, அந்த வருஷம். எனக்கு எழுத்துத் தெரியாது, வருஷத்தை நம்பரில் சொல்லவும் வராது. இப்படித்தான் அடையாளம் வைத்துக்கொள்வேன். நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள், பட்லரே. நடுவில் சிரிக்கிறாள். சிரிக்கட்டும்.

இன்று காலை தள்ளுவண்டிக்காரர் விலைபோகாத பச்சை திராட்சையை ஓரமாக ஒதுக்கி வைத்திருந்தார். தோல் சுருங்கி, தேன் நிறத்துக்கு வந்திருந்தது. ஒன்றை எடுத்து மோந்தேன். அவ்வளவுதான், உன் வீட்டு சமையல்கட்டில் போய் நின்றுவிட்டேன்.

நீ கிளப்பில் மேசை மேசையாகப் பரிமாறும் பேரராக இருந்து ரிடையரானவன். தெருவே உன்னை பட்லர் என்றுதான் கூப்பிட்டது. நான் ரிச்சர்ட்ஸ் டவுன் பங்களாக்களில் தோட்டவேலை செய்தவன், உனக்கு மாலி. எனக்குக் குடிப்பழக்கம் கிடையாது. ஆனால் உன் கல்யாண நாள் அன்று மத்தியானம் நீ செய்யும் கூத்தைப் பார்க்கத் தவறாமல் வருவேன்.

சின்ன பாட்டில் ஒன்று, வெள்ளை திராட்சை வைன், ஸ்வீட். பழத்தைக் கொடியிலேயே விட்டு வத்தவைத்துச் செய்வது என்று நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும். வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு, கையில் நாப்கினை மடித்துப் போட்டு, ட்ரேயில் ஒரே ஒரு கிளாஸைக் கொண்டுபோய் உன் சம்சாரம் பிலோமினாவுக்கு முன்னால் குனிந்து வைப்பாய். நீ உட்கார மாட்டாய். நின்றபடியே சொல்வாய். “முதல்ல தேன். அப்புறம் ஏப்ரிகாட். வெறும் இனிப்புன்னா அது சர்பத்து. புளிப்பு பின்னாடியே வந்து புடிச்சு நிறுத்தணும், அதான் வைன்.” அந்தம்மா கண்ணை மூடிக் கேட்டுவிட்டு ஒரு வாய் குடிக்கும்.

அந்த வருஷம் உங்களுக்கு ஐம்பதாவது கல்யாண நாள். அதற்கு மூன்று மாசம் முன்னால் உனக்குக் காய்ச்சல் வந்து போயிருந்தது. கல்யாண நாளன்று மத்தியானம் என்னைத் தனியாகச் சமையல்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாய்.

“மூக்கு போயிடுச்சு மாலி. பெனாயிலும் காப்பியும் எனக்கு ஒண்ணாத்தான் இருக்கு.”

“வீட்ல சொன்னியா?”

“சொல்லல. ஒரு குண்டுமணி தங்கம் வாங்கித் தந்ததில்ல அவளுக்கு. வருஷத்துக்கு ஒரு நாள் இந்தப் பேச்சு, அது ஒண்ணுதான் நான் குடுக்கறது. அதையும் எப்படிடா நிறுத்துவேன்? நீ குடிச்சுப் பாத்து என் காதுல சொல்லு.”

சொல்லிக்கொண்டே கிளாஸில் கொஞ்சம் ஊற்றினாய். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு மடக்கென்று முழுங்கினேன்.

“அட பாவி, இது என்ன கஷாயமா? முதல்ல கண்ணு, அப்புறம் மூக்கு, கடைசிலதான் நாக்கு. வாயிலயே வச்சுச் சுத்து.”

சுத்தினேன். பட்லரே, அன்றைக்குத்தான் நீ ஏன் ஒரு மடக்குக்கு அத்தனை நேரம் பேசுவாய் என்று புரிந்தது. நாக்கில் ஒன்று வந்து உட்கார்ந்தது, அது எழுந்து போனதும் வேறொன்று வந்தது. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். சாயங்காலம் தண்ணி விட்டதும் வருகிற சம்பங்கி வாசனை. அறுத்து வைத்த அன்னாசி. கடைசியில் நாரத்தை இலையைக் கசக்கின மாதிரி ஒன்று. நீ உதட்டை அசைத்து மனப்பாடம் பண்ணினாய்.

ட்ரேயோடு போனாய். நான் கதவோரம் நின்றேன். நீ குனிந்து கிளாஸை வைத்து, தொண்டையைச் செருமி, கம்பீரமாக ஆரம்பித்தாய். “முதல்ல சம்பங்கி. தண்ணி விட்ட சம்பங்கி. முடியறப்போ, கசக்கின நாரத்தை இலை.”

அந்தம்மா கண்ணைத் திறந்தது.

“ஏங்க, ரோஜாவுக்கும் செம்பருத்திக்கும் வித்தியாசம் தெரியாத மனுஷன் நீங்க. உங்களுக்கு ஏது சம்பங்கி? இது மாலி அண்ணன் மூக்கு.”

எனக்குக் காது சுட்டது. ஏப்ரிகாட் என்று ஒரு வார்த்தை சேர்த்துக்கொள்ள நம் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை பார்.

“போன மாசமே தெரியும். தீஞ்ச பால்ல நான் போட்ட காப்பிய, கொட்டலாம்னு வர்றதுக்குள்ள நல்லாருக்குன்னு குடிச்சு முடிச்சீங்களே.”

“தெரிஞ்சுமா கேக்கல?”

“நீங்களே சொல்வீங்கன்னு இருந்தேன். அண்ணனக் கூட்டு சேத்துக்கிட்டு வருவீங்கன்னு கனவா கண்டேன்?” பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டது. “உக்காருங்க. இத்தன வருஷம் நீங்க சொன்னீங்க. இன்னிக்கு நான் சொல்றேன்.”

கல்யாண நாளில் நீ உட்கார்ந்து அன்றைக்குத்தான் பார்த்தேன். அந்தம்மா கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தது. மோந்தது. ஒரு வாய் எடுத்து, அவசரமில்லாமல் இறக்கியது.

“முதல்ல தேன். அப்புறம் ஏப்ரிகாட், ஆனா போன வருஷத்தைவிடக் கம்மி. புளிப்பு கொஞ்சம் லேட்டாத்தான் வருது. வந்துடுது. நல்ல பாட்டில்தான்.”

அந்தம்மா சும்மா கேட்டுக்கொண்டிருந்தது என்றல்லவா நாம் நினைத்திருந்தோம்? நீ நாற்காலியை அந்தம்மா பக்கம் திருப்பிக்கொண்டாய். “ஏப்ரிகாட் பழத்த நீ கண்ணால பாத்திருக்கியா?”

“இல்ல. நீங்க அந்தப் பேரச் சொல்றப்போ கிளாஸ்லேருந்து ஒரு வாசன வரும். அதுதான் எனக்கு ஏப்ரிகாட்.”

நீ நாப்கினை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டாய். நான் வெளியே போய்த் தொட்டிச் செடிகளுக்குத் தண்ணி ஊற்றினேன்.

இன்னும் இரண்டு கல்யாண நாள் அந்தம்மா சொல்லி நீ கேட்டாய். மூக்கு திரும்பவே இல்லை. மூன்றாவதுக்கு நீ இல்லை.

எனக்கு அதிலிருந்து ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. எதை வாயில் வைத்தாலும் உடனே முழுங்குவதில்லை. மருமகள் வைக்கிற ரசமாக இருந்தாலும் சரி, யாருக்கோ சொல்லியாக வேண்டும் என்பது போல நாக்கில் கொஞ்சம் நிறுத்திப் பார்க்கிறேன். சில சமயம் சொல்லியும் விடுகிறேன். “கிழவருக்கு என்ன ஆச்சு” என்கிறார்கள்.

போன மாசம் உங்கள் நாள் வந்தது. அந்தம்மா கூப்பிட்டு விட்டது, போனேன். சின்ன பாட்டில்தான். எனக்கும் ஒரு சொட்டு ஊற்றி, உன் வரிசைப்படியே சொல்லிக்கொண்டு வந்தது. தேன் எனக்குத் தெரிந்தது, புளிப்பும் தெரிந்தது. நடுவில் உன் ஏப்ரிகாட் மட்டும் எவ்வளவு சுத்தினாலும் பிடிபடவில்லை பட்லரே. அந்த வாசனை தெரிந்தவர் என்று இந்த ஊரில் இனி ஒரே ஒருத்தர்தான், உன் பிலோமினா.