கணியூர் வீட்டின் பதினோரு அறைகள்

இன்று காலை நம் பனியன் கம்பெனியில் துணி வைக்கும் அறைக்குக் கரையான் மருந்து அடித்தார்கள். அந்த நெடி படியேறி என் மேசை வரை வந்ததும் என்னால் உட்கார முடியவில்லை. தலைவலி என்று சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டுத் தெருவில் வந்து நின்றேன். தலைவலி இல்லை அம்மிணி. அந்த நெடி மூக்கில் ஏறினால் எனக்குக் கணியூர் வீடுதான்.

நீ போய் ஒன்பது மாதம் ஆகிறது. இருந்த காலத்தில் உனக்கு நான் ஒரு கடிதம்கூட எழுதியதில்லை. கல்யாணமாகி இருபத்தாறு வருடம் ஒரே கூரையின் கீழ் இருந்தோம், எழுதத் தேவை வரவில்லை. அதற்குப் பிறகு அந்த வீடு நம்மைப் பிரித்து வைத்த நான்கு வருடத்திலாவது எழுதியிருக்கலாம். அப்போது எனக்கு நேரமில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதல்முதலாக உன்னை அங்கே கூட்டிப்போன நாள் உனக்கு மறந்திருக்காது. தென்னந்தோப்புக்கு நடுவே பதினோரு அறை, தேக்குத் தூண்கள், வானம் தெரியும் நடு வாசல். ஐந்து பேர் ஒற்றை அறையில் படுத்து வளர்ந்தவன் நான். கால் நீட்டினால் அண்ணன் முதுகு இடிக்கும். நாலு தையல் மிஷினில் தொடங்கிய கம்பெனி நாற்பது மிஷின் ஆனதும், எனக்கு ஒரு பெரிய வீடு வேண்டியிருந்தது. நான் தூண் தூணாகத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ ஒவ்வொரு அறையாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "இத்தனையும் ஆருங்க கூட்டறது?" என்றாய்.

"ஆள் வெச்சுக்கலாம் அம்மிணி. நீ ராணி மாதிரி உக்காந்திரு."

"உக்காந்துட்டு ஆரு கூடங்க பேசறது?"

கூட வந்த புரோக்கர் சிரித்தார். நானும் சிரித்தேன். "ஒண்ணும் செலவில்லீங்க, வெள்ளையடிச்சுட்டுக் குடி வந்தரலாம்" என்றார் அவர். நீ என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாய். "சரிங்க, ஆசப்பட்டுட்டீங்க. வாங்குங்க" என்றாய். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

முதல் மழைக்கே மூன்று அறைகளில் பாத்திரம் வைத்தோம். கூரையைப் பார்க்க வந்த ஆசாரி உத்தரத்தைத் தட்டினார், பிறகு கட்டைவிரலால் அழுத்தினார். விரல் உள்ளே போய்விட்டது. "இது மரமில்லீங்க, தோலு. உள்ள இருந்ததக் கரையான் தின்னு முடிச்சிருச்சு" என்றார். கூரையைத் தொட்டதும் சுவர் விரிசல் விட்டது. கோடையில் கிணறு வற்றி லாரித் தண்ணீர் வாங்கினோம். மோட்டார் இரண்டு முறை புகைந்தது. காவலுக்கு வைத்த புருஷன் பெண்டாட்டி ஆறு மாதத்தில் சொல்லாமல் போய்விட்டார்கள். வாங்கிய விலை மட்டும்தான் பத்திரத்தில் இருந்தது. மற்றதெல்லாம் அந்தக் கூரைக்குள்ளும் சுவருக்குள்ளும் ஒளிந்திருந்து ஒவ்வொன்றாக வெளியே வந்தது.

அதற்கெல்லாம் ஈடுகொடுக்க, எடுக்கக்கூடாத அவசர ஆர்டர்களை எடுத்தேன். ஞாயிறு தவிர மற்ற நாளெல்லாம் கம்பெனி மாடியிலேயே படுத்தேன். ஓய்வாக வாழலாம் என்று வாங்கிய வீட்டுக்கு நான் ஒரு விருந்தாளி ஆனேன். நீ அதற்குக் காவல்காரி ஆனாய்.

உன் காதுக்குள் ஒரு கம்பெனியே ஓடிக்கொண்டிருந்தது என்பதை நான் யோசிக்கவில்லை. முதல் நாலு மிஷினில் ஒன்றை ஓட்டியவள் நீ. பிறகு தைத்த துணியில் குறை பார்க்கும் செக்கிங் மேசையில் நின்றாய். யார் வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல், யாருக்கு எந்த மாதம் பிரசவம், எல்லாம் உனக்குத் தெரியும். அங்கிருந்து தேங்காய் விழும் சத்தம் மட்டும் கேட்கிற இடத்துக்கு உன்னைக் கொண்டுபோய் வைத்தேன். ஒரு நாள் மத்தியானம் போனில் கூப்பிட்டாய்.

"ஏனுங்க, வேலையா?"

"ஆமா, சொல்லு."

"ஒண்ணுமில்லீங்க. போனைச் சித்த நேரம் மிஷின் பக்கத்துல வெய்ங்களேன்."

விளையாட்டு என்று நினைத்து ஓவர்லாக் மிஷின் பக்கத்தில் வைத்துவிட்டு வேலையில் மறந்துவிட்டேன். அரை மணி நேரம் கழித்து எடுத்தபோதும் நீ லைனில் இருந்தாய்.

அன்றே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். புரிந்தது ஒரு வருடம் கழித்து, ஒரு புதன்கிழமை. உடுமலையில் ஒரு வேலை சீக்கிரம் முடிந்துவிட, சொல்லாமல் அங்கே வந்தேன். கதவைத் திறக்க உனக்கு வெகுநேரம் ஆயிற்று. வலது காலில் பனியன் துணியைச் சுற்றியிருந்தாய். பத்து அறையும் பூட்டிக் கிடந்தது. உன் பாய், துணிமணி, சாமி படம் எல்லாம் சமையலறையில் இருந்தன. அவ்வளவு பெரிய வீட்டில் அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு மூலையில் நீ குடியிருந்தாய்.

காலில் என்ன என்று கேட்டேன். நடு வாசல் பாசியில் வழுக்கி விழுந்திருக்கிறாய். காலையில் விழுந்தவள், தேங்காய் போட வந்த ஆள் மத்தியானம் பார்க்கும் வரை அங்கேயே கிடந்திருக்கிறாய். அது நடந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. இடையில் ஒரு ஞாயிறு நான் வந்திருந்தேன். அன்று முழுக்க நீ நாற்காலியை விட்டு எழவில்லை. நான் ஆசாரியோடு கூரைமேல் இருந்தேன்.

"ஏன் அம்மிணி சொல்லல?"

"சொன்னா ஓடி வந்துருவீங்க. ஆர்டர் நின்னு போகும். அது நின்னா இந்தூட்டுக்கு ஓடு மாத்தறது எப்பிடீங்க?"

அதைக் குத்தலாகச் சொல்லவில்லை நீ. உண்மையாகவே அந்தக் கவலை உனக்கு இருந்தது. அதுதான் என்னால் தாங்க முடியாமல் போனது. அன்றைக்கே உன்னைக் காரில் ஏற்றினேன். நம் பழைய வீட்டில் வேறு ஆட்கள் குடியிருந்தார்கள். கம்பெனிக்குப் பின்தெருவில் இரண்டு அறை வாடகைக்குக் கிடைத்தது. பக்கத்து வீட்டு மிக்ஸி சத்தத்தில் மறுநாள் கண் விழித்து, "அடடா, மனுசங்க" என்றாய். ஒரே வாரத்தில் அந்த மிக்ஸி வீட்டுப் பீகார்ப் பெண்ணோடு பாதி இந்தியும் பாதி சைகையுமாகக் குழம்பும் ரொட்டியும் மாற்றிக்கொண்டாய்.

வீட்டை வாங்க ஒருவர் வந்தார். கரையானைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. நீதான் காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்து அவரைக் கூட்டிப்போய் எல்லா உத்தரத்தையும் காட்டினாய். கடைசியில், "உங்க ஊட்டுக்காரம்மாளக் கூட்டிட்டு வந்து காட்டுங்க. அவுங்க நாலு நாளு யோசிக்கட்டும். அப்பறம் முன்பணம் குடுங்க" என்றாய்.

திரும்பி வரும்போது காரில் தாராபுரம் தாண்டியதும் நான், "உனக்கும் காட்டீட்டுத்தான வாங்குனேன்?" என்றேன்.

"இல்லீங்க. எனக்குக் காட்டறதுக்கு முந்துன வாரமே முன்பணம் குடுத்துட்டீங்க. உங்க சட்டைப் பையில ரசீதைப் பாத்தேனுங்க, தொவைக்கையில."

நான்கு வருடம் அதைத் தெரிந்துகொண்டே அங்கே இருந்திருக்கிறாய். வண்டியை ஓரமாக நிறுத்தினேன். நீ தண்ணீர் பாட்டிலைத் திறந்து என்னிடம் நீட்டினாய். "ஆசப்பட்டது தப்பில்லீங்க. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றாய். அதற்குமேல் அதைப் பற்றி நீ பேசவே இல்லை.

பின்தெருவில் பதினோரு மாதம் இருந்தாய். ஒரு காய்ச்சல் வந்தது, மூன்றாம் நாள் மூச்சு வாங்கியது. என்னைக் கூப்பிட அந்தப் பீகார்ப் பெண் செருப்பில்லாமல் கம்பெனிக்கு ஓடிவந்தாள். ஆஸ்பத்திரியில் உன் கையைப் பிடித்திருக்க எனக்கு ஒரு ராத்திரி கிடைத்தது. உன்னைக் கொண்டுவந்தபோது அந்தச் சந்தில் நிற்க இடமில்லை. செக்கிங் பெண்கள், டெய்லர்கள், பழைய வீட்டுத் தெருக்காரர்கள் மெயின் ரோடு வரை நின்றார்கள். கணியூரில் நிற்க இடம் இருந்திருக்கும், ஆள் இருந்திருக்காது.

அவசர ஆர்டர்களை இப்போது எடுப்பதில்லை. ஆறு மணி அடித்தால் கம்பெனியைச் சூப்பர்வைசரிடம் விட்டுவிட்டுக் கிளம்பிவிடுகிறேன். வீட்டில் எனக்காக யாரும் இல்லை, தெரியும். ஆனாலும் முகம் கழுவி, உன் படத்துக்கு விளக்கேற்றி, இரண்டு டம்ளர் டீ போடுகிறேன். ஒன்றைக் குடித்துவிட்டு, மற்றது ஆறும் வரை உன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.