என் உடம்புக்கு அவன் நம்பர்

புரட்டாசி 10, திங்கள்
விடியற்காலையிலிருந்து தூறல். குறுவை அறுக்க மெஷின் இன்றும் வரவில்லை. அதைவிட எரிச்சல், மகன் செந்தில் என் போனில் ஏற்றிவிட்டுப் போன டாக்டர் ஆப். போன் என்னுடையது, சர்க்கரை என்னுடையது, பதிந்தது மட்டும் அவன் நம்பர். திறந்தால் ஓடிபி சிங்கப்பூருக்குப் போகிறது. கேட்டால் மீட்டிங்காம். பெற்ற பிள்ளையிடம் மனுப் போட்டுத்தான் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

இன்றும் உள்பாவாடையில் ரத்தம். தீட்டு நின்று எத்தனை வருஷம்! பயமாக இருக்கிறது.

13, வியாழன்
வெயில். வீடியோவில் டாக்டரம்மா. பக்கத்துக் கட்டத்தில் செந்தில், துரை மாதிரி டை கட்டிக்கொண்டு.

"வேற ஏதாச்சும் தொந்தரவு இருக்காம்மா?" என்னைத்தான் கேட்டாள்.

நான் வாயைத் திறக்குமுன் அவன், "இல்ல டாக்டர், சுகர் மட்டுந்தான்."

இவன் கண்டான்! உள்பாவாடையைப் புடவைக்கு அடியில் மறைத்துக் காயப்போடுகிறவள் நான். அவன் முன்னால் எப்படிச் சொல்வேன்? சோற்றைக் குறை, நட. முடிந்தது. போனைச் சுவரில் அடிக்கலாம் போல வந்தது.

வாங்க: மஞ்சள்தூள், பல்பு, எலிப்பொறி.

14, வெள்ளி
நீடாமங்கலம் போன் கடை. நம்பரை மாற்றித் தரச் சொன்னேன். மாற்றவும் பழைய நம்பருக்குத்தான் ஓடிபி வருமாம். உங்க பையனையே கேளுங்கம்மா என்று கடைக்காரன் இளிக்கிறான். நாசமாய்ப் போக.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கே போகலாம். எவனாவது சொந்தக்காரன் எதிரே வந்து, என்னக்கா உடம்புக்கு என்பான். சாயங்காலம் ஊருக்கே தெரிந்துவிடும்.

எலிப்பொறி மறந்துவிட்டேன்.

15, சனி
நல்ல மழை. மெஷின் வந்து, வயலில் தண்ணீர் என்று திரும்பிப் போய்விட்டது. அந்தக் கோபத்தோடு செந்திலுக்குப் போன். கோபம் இல்லாவிட்டால் இந்த ஜென்மத்தில் சொல்லியிருக்க மாட்டேன்.

"எனக்கு மறுபடி ரத்தம் படுதுடா. தீட்டெல்லாம் நின்ன பெறகு. அதத்தான் அன்னைக்குச் சொல்ல வந்தேன். ஓடிபிய மட்டும் அனுப்பு. நீ அந்தக் கட்டத்துல வராத."

போனை வைத்துவிட்டான். பிறகு எண் வந்தது. கூட ஒரு வார்த்தை? ம்ஹூம். ஆப்பைத் திறந்து திங்கட்கிழமைக்கு நேரம் வாங்கிவிட்டேன்.

17, திங்கள்
மூட்டம். இன்றைக்கும் எண்ணை மட்டும் அனுப்பினான். டாக்டரம்மாவும் நானும் மட்டும். எல்லாம் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். இந்த வாரமே ஸ்கேன், சதை எடுத்துப் பரிசோதனை, தள்ளிப் போடவே கூடாதாம்.

"ஏம்மா, போன தடவ கேட்டேனே. அப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க என்னயத்தான் கேட்டீங்க. பதில் சொன்னது அவன்."