பிஸ்கட் டப்பா சத்தம்

என்னங்க,

குட்டியோட சாப்பாட்டுப் பாக்கெட் அடுப்பு மேடையில இருக்கு. வெதுவெதுப்பான தண்ணியில ஊற வெச்சுக் கொடுங்க. பிஸ்கட் கூடவே கூடாதுன்னு நாய் டாக்டர் நம்ம ரெண்டு பேர்கிட்டயும்தானே சொன்னார்?

எதை வாங்கி வெச்சாலும் தொட மாட்டேங்குதேன்னு நான் தவிச்சப்போ, "பாவம், வேற வாங்கிப் பாப்போமா"ன்னு கேட்டீங்க. இன்னிக்குக் காலையில நான் பிஸ்கட் டப்பாவைத் திறந்தேன். சத்தம் கேட்டதும் அது ஓடிப் போய் உங்க நாற்காலிக்குக் கீழே வாயைத் திறந்துகிட்டு உக்காந்துது. துவைக்கப் போட்ட உங்க கைக்குட்டை பூரா பிஸ்கட் தூளும் குட்டியோட ரோமமும்.

டப்பாவை ஆபீசுக்கு எடுத்துட்டுப் போறேன்.

பி.கு.: உங்க சாப்பாட்டை மூடி வெச்சிருக்கேன். கோவம் பிஸ்கட்டுக்காக இல்ல. அது வாயைத் துடைச்சு விட்டுட்டு வந்து, என்கூடச் சேர்ந்து கவலைப்பட்டீங்களே, அதுக்கு.