எக்ஸ்ரேக்கு முன்னால் ஒரு விரல்

மூன்று தரம் சவர்க்காரம் போட்டும் கையில் ஆட்டிறைச்சி வாசம் போகவில்லை. அந்தக் கையாலேயே உனக்கு எழுதுகிறேன், மச்சான். நாளைய பயிற்சிக்கு ஆட்டு விலாக்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தபோது ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. அதை உனக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கொஞ்சம் பொறு, ஒழுங்காகத் தொடங்குகிறேன்.

முதல் தடவை நாம் இருவரும் இறைச்சிக் கடைக்குப் போனது ஞாபகமா? "முழு விலாவாத் தாங்க காக்கா, வெட்டிப் போடாதீங்க" என்று கடைக்கார அண்ணனிடம் சொன்னாய்.

"டொக்டர்மாருக்கு என்ன விருந்து?"

"விருந்தில்ல, இதுக்கு மூச்சு குடுக்கப் போறம்."

"அறுத்த ஆட்டுக்கா? வைத்தியம் முத்திப் போச்சு!"

கடையே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. ஏனென்று உனக்குத் தெரியும்.

அதற்கு முந்திய வாரம் என் கடமை நேரத்தில் நாவிதன்வெளிப் பக்கமிருந்து ஒருவரைக் கொண்டுவந்தார்கள். வயலில் உழவு இயந்திரம் புரண்டு நெஞ்சில் அடி. ஒரு பக்க நெஞ்சு எழும்பவில்லை. உள்ளே காற்று அடைத்து நுரையீரலை நெரிக்கிறது, துளையிட்டுக் குழாய் வைக்க வேண்டும் என்பதெல்லாம் புத்தகப்படி எனக்குத் தெரியும். கைதான் வரவில்லை. "எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பம்" என்றேன். எக்ஸ்ரே அறை வாசலிலேயே உயிர் போய்விட்டது. சத்திரசிகிச்சை நிபுணனான நீ என்னை ஏசவில்லை. "முதல்ல விரல். படம் பிறகு" என்று மட்டும் சொன்னாய்.

உன் பயிற்சியில், ஆட்டு விலாவுக்குப் பின்னால் ஊதிக் கட்டிய ரப்பர் கையுறைதான் நுரையீரல். விலாவின் மேல்விளிம்போடு கீறி, தசையை விலக்கி, விரலை விட்டுத் தடவிப் பார்த்த பிறகே குழாய். அவசரப்பட்டுக் குத்தினால் கையுறை படாரென்று வெடிக்கும். நான் மூன்றை வெடிக்க வைத்தேன். "நாலாவது நோயாளியாவது பிழைக்கட்டும் மச்சான்" என்றாய். வந்திருந்த டொக்டர்மார் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நாலாவது பிழைத்தது.

உன்னை மண்ணில் வைத்து இரண்டு வருட நோன்பு போய்விட்டது. பயிற்சியில் உன் இடத்தில் நிற்கச் சொல்லி ஆஸ்பத்திரியில் கேட்டபோது இரண்டு தரம் மறுத்தேன். மூன்று கையுறையை வெடிக்க வைத்தவன் எப்படிப் படிப்பிப்பது? போன மாதம்தான் ஒத்துக்கொண்டேன். நான் நடத்திய அந்த முதல் பயிற்சிக்கு வந்தவர்களில் ஒருவர், தலை நரைக்கத் தொடங்கிய சின்ன ஆஸ்பத்திரி டொக்டர், கத்தியைக் கீழே வைத்துவிட்டார். "சேர், இது எனக்குச் சரிவராது. நாங்க அம்புலன்ஸில ஏத்தி அனுப்புற ஆக்கள்தான்."

எக்ஸ்ரே அறை வாசலில் நடந்ததை முதல் தடவையாக வெளியில் சொன்னேன். அவர் கத்தியை மீண்டும் எடுத்தார். இரண்டு கையுறை வெடித்தது.

இன்று அழைத்தவர் அவர்தான்.

"சேர், மோட்டார்சைக்கிள் விபத்து. நெஞ்சு எழும்பல்ல, நாடி விழுகுது. கீறி விரல விட்டன். காத்து உஸ்ஸெண்டு வந்திச்சு சேர்! குழாயும் வெச்சாச்சு. ஆள் கண்ணத் தொறந்து தண்ணி கேக்கிறான்!"

வெறுங்காலோடு முற்றத்துக்கு ஓடிவிட்டேன். அல்ஹம்துலில்லாஹ் என்று எத்தனை தரம் சொன்னேனோ. ஆனாலும் பழைய புத்தி விடவில்லை. "எக்ஸ்ரே எடுத்தீங்களா?" என்று கேட்டேன்.

"ஓம் சேர். பிறகு."

அந்த ஒரு சொல்லை நீ கேட்டிருக்க வேண்டும், மச்சான்.

அந்த வாசலில் கிடந்தவரின் முகம் என்னை விட்டுப் போகாது, போகவும் வேண்டாம். நாளை பன்னிரண்டு பேர் வருகிறார்கள். இரண்டு பெட்டி கையுறை கூடுதலாக வாங்கி வைத்திருக்கிறேன். வெடிக்கட்டும்.