மூடி தொலைந்த டின்

இன்று காலை ஒருவர் பிரேக் பார்க்கச் சொல்லி பைக்கைக் கொண்டுவந்தார். புது பிரேக் ஒயில் டின்னின் சீலை உடைத்து, வேண்டியதை ஊற்றிவிட்டு, மிச்சத்தைக் கழிவு ஒயில் பீப்பாயில் கவிழ்த்தேன். "என்னங்க, நல்ல ஒயிலப் போயி கொட்டுறீங்க?" என்று திட்டினார். அந்த வாடை மூக்கில் ஏறினாலே நீ எதிரில் வந்து நின்றுவிடுகிறாய்.

எண்பதுகளின் தொடக்கம். பொகவந்தலாவையில் நம் தேயிலைத் தோட்டத்தின் மேல்பிரிவான மேல்கணக்குப் பள்ளிக்கூடத்தில் நீ வாத்தியார். தோட்டத்து லொறிகளைப் பழுது பார்க்கிறவன் நான். ஒரே லயத்து வரிசை வீடுகளில் வளர்ந்தவர்கள். நீ வாங்கிவந்த பழைய பைக்கின் முன் சக்கரத்தில் டிஸ்க் பிரேக். கேபிள் பிரேக்கை மட்டுமே பார்த்திருந்த லயத்து ஆட்கள், ஒயிலில் பிடிக்கும் பிரேக்கைப் பார்க்கக் கூடிவிட்டார்கள். உனக்கு அன்றைக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்த மழை மாதத்தில் வண்டியை ஷெட்டுக்குக் கொண்டுவந்தாய். "ஒயிலு தேத்தண்ணி நெறத்துக்கு வந்திருச்சுடா. மாத்தணுமா?"

மாற்றத்தான் வேண்டும். பழையதை முழுக்க இறக்கிவிட்டு, சீல் உடைக்காத டின்னிலிருந்து ஊற்ற வேண்டும். அதற்கு ஹட்டன் டவுனுக்குப் போய் வரவேண்டும். உனக்கோ மறுநாள் காலையிலேயே பரீட்சை பேப்பர்களைக் கொண்டுபோய் ஒப்படைக்கும் அவசரம். ஷெட்டில் பாதி டின் ஒன்று கிடந்தது. மூடி எப்போதோ தொலைந்து, வாயில் கந்தைத் துணி அடைத்திருந்தது. தோட்டத்தில் நாம் எதைத்தான் எறிந்தோம்? நம் பனிமூட்டத்தில் அப்படி வைத்த ஒயில் ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். அது எனக்குத் தெரியும்.

"கொறஞ்சத நெரப்பிவுட்டா போதும்டா. நாலு நாளைக்கு ஓடும்" என்றேன்.

"நீ சொன்னா சரிதான்" என்று சிரித்தாய். கந்தையை உருவிவிட்டு அந்த டின்னிலிருந்தே ஊற்றினேன்.

பஸ் ரோட்டுக்கு நாலு மைல் இறக்கம். பிரேக்கைப் பிடித்தபடியே இறங்கியிருப்பாய். அந்தச் சூட்டில் ஒயிலுக்குள் இருந்த ஈரம் ஆவியாகிவிட்டால், லீவரை எவ்வளவு இறுக்கினாலும் பஞ்சை அமுக்குவது போலத்தான். கடைசி வளைவில் பள்ளத்தில் விழுந்தாய். பேப்பர்கள் தேயிலைச் செடிகள் மேல் சிதறிக் கிடந்தன.

வண்டியை ஷெட்டுக்குத் தூக்கிவந்தார்கள். பொலிஸ்காரர் லீவரை அழுத்திப் பார்த்து, "பிரேக் ஹொந்தாய்" என்று சிங்களத்தில் சொன்னார். தோட்டத்து வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையாவும் அழுத்திப் பார்த்து, நல்லாத்தான் இருக்கு என்றார். எல்லோர் கைக்கும் கெட்டியாகவே நின்றது. ஆறினால் ஆவி அடங்கி லீவர் பழையபடி இறுகிவிடும் என்று அங்கே தெரிந்தவன் நான் ஒருவன்தான். பனியில் பாதை தெரியாமல் விழுந்துவிட்டாய் என்று முடித்துவிட்டார்கள்.

காரியத்தன்று உன் மனைவி கேட்டாள்: "அண்ணே, நீங்கதானே பிரேக் பாத்தீங்க. நல்லாத்தானே இருந்துச்சு?"

"நல்லாத்தாம்மா இருந்துச்சு."

"அப்ப அவருதான் பாத்து ஓட்டல. எங்கள இப்புடி விட்டுட்டுப் போயிட்டாரே" என்று உன்னைத் திட்டித் திட்டி அழுதாள். நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

போன மாதம் அவளும் போய்ச் சேர்ந்தாள். கடைசிவரை உன்னைத்தான் குறை சொன்னாள். இத்தனை வருஷத்தில் ஒருநாள், ஒரே ஒருநாள், நான் வாயைத் திறந்திருக்கலாம். டின் டின்னாகக் கொட்டி என்ன செய்ய? உன் மேல் இருக்கும் பழியை எடுக்க, உண்மையைக் கேட்க வேண்டியவள் இனி இல்லை.