குடலிலிருந்து வந்ததல்ல

மார்ச் 4, செவ்வாய்
இன்று நுண்ணோக்கியில் அறுபத்திரண்டு ஸ்லைடு. கண் எரிகிறது. வேறொன்றும் இல்லை.

மார்ச் 11
அறுவை மருத்துவர் என் அறைக்கு வந்தார். அந்தப் பள்ளிப் பேருந்து ஓட்டுநர் விஷயமாக. ஆறு வருடம் முன்பு அவருக்குக் குடலில் புற்று, எடுத்தாயிற்று. போன மாதம் சிறுநீரில் ரத்தம். சிறுநீர்ப்பையில் கிள்ளி எடுத்த துணுக்கைப் பார்த்து, ‘பழைய குடல் புற்று பரவியிருக்கிறது’ என்று எழுதியவள் நான். இனி வெட்டிப் பயனில்லை என்று முடிவாகிவிட்டது.

“பையோட உச்சியில ஒத்தக் கட்டிதான் இருக்கு மேடம். குடல் சுத்தம். வேற எங்கயும் இல்ல. எனக்கு இடிக்குது.”

“பார்க்கிறேன்” என்றேன். ஏன் அத்தனை விறைப்பாக?

மார்ச் 12
மறுபடி பார்த்தேன். குடல் செல் மாதிரியேதான் இருக்கிறது. யார் பார்த்தாலும் அப்படித்தான் சொல்வார்கள். சொல்வார்களா? துணுக்கோடு வந்த சீட்டில் பழைய நோய் எழுதியிருந்ததால் எனக்கு அப்படித் தெரிந்ததா?

கருவில் சிறுநீர்ப்பையின் உச்சியிலிருந்து தொப்புளுக்கு ஒரு குழாய் போகும். பிறகு நாராகச் சுருங்கிவிடும். மிக அரிதாக அந்த மிச்சத்திலேயே புற்று பிறக்கும், குடல் செல்லின் சாயலோடு. படித்ததுதான். பரீட்சையில் எழுதியதுதான்!

மார்ச் 14
ஆறு வருடத்துக்கு முந்தைய குடல் துண்டுக்கும் இப்போதையதுக்கும் ஒரே சாயம் ஏற்றச் சொன்னேன். “எனக்கென்ன பத்துக் கையா இருக்கு?” என்றாள் ஆய்வகத்து அக்கா. சொல்லிவிட்டு மதியச் சாப்பாட்டைத் தள்ளிவைத்தாள்.

மார்ச் 17
பழையதில் சாயம் செல்லின் உட்கருவுக்குள் இறங்கியிருக்கிறது. புதியதில் ஓரத்தோடு நின்றுவிட்டது; ஒரே புற்றென்றால் இரண்டும் ஒத்திருக்க வேண்டும். இதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் கட்டி இருக்கும் இடம், சுத்தமான குடல் — எல்லாம் ஒரே பக்கம் கை காட்டுகின்றன.

திரும்பி வந்ததல்ல. புதிதாகப் பிறந்தது. வெட்டி எடுக்கலாம்.

ஐயோ, அஞ்சு வாரம் போச்சே.

மார்ச் 18
நானே நேரில் சொன்னேன். “முதல்ல தப்பா எழுதினது நான்தாங்க.”

ஓட்டுநரின் மனைவிதான் முதலில் பேசினார்: “அந்தக் காகிதத்தப் பார்த்துட்டு இவர் வேலைய விட்டாரு. பொண்ணு படிப்பப் பாதியில போட்டுட்டு வந்து நிக்கிறா. நீங்க பாட்டுக்கு மாத்தி எழுதிட்டீங்க.”

அழக்கூடாது, அங்கே அழும் உரிமை எனக்கில்லை.

கடைசியில் ஓட்டுநர் கேட்டார்: “அப்ப, எடுத்துடலாங்களா?”

“எடுக்கலாங்க. பொழச்சுடுவீங்கன்னு என்னால சொல்ல முடியாது. ஆனா எடுக்கலாம்.”

ஏப்ரல் 2
ஆறு மணி நேரம். அறுவை முடிந்தது. கண் விழித்துவிட்டாராம்.

ஏப்ரல் 7
பையின் உச்சி, நார், தொப்புள், மூன்றும் ஒரே துண்டாக என் மேசைக்கு வந்தன. அந்த நாரிலிருந்துதான் கிளம்பியிருக்கிறது. வெட்டிய ஓரங்களில் புற்றே இல்லை. அவர் மகளுக்கு இந்த வருடம் போனது போனதுதான்.

ஸ்லைடுகளைப் பக்கத்து அறை மருத்துவரிடம் கொண்டுபோய் வைத்தேன். சீட்டைக் காட்டவில்லை.

“என்ன, சந்தேகமா?” என்றார்.

“இல்ல. ரொம்பத் தெளிவாத் தெரியுது, போன தடவை மாதிரியே. அதான் கொண்டுவந்தேன்.”