மடிக்காத இடது கை

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் உன் கேமராவும் சுகம்தானே? பாப்பா நன்றாக இருக்கிறாள். இந்த வீட்டில் தூக்கம்தான் யாருக்கும் இல்லை. போனை அணைத்துத் துணி அலமாரிக்குள் போட்டுவிட்டேன், அதனால்தான் காகிதம்.

தெருவில் போகிறவர்களின் உடைகளைப் படமெடுத்துப் போடும் உன் இணையப் பக்கத்தில் என்னையும் போட்டிருக்கிறாய். பஸ் நிறுத்தத்தில் நான். நைட்டிக்கு மேல் என் வீட்டுக்காரரின் கட்டம் போட்ட சட்டை. வலது கை முழங்கைவரை மடிப்பு, இடது கை விரல்வரை தொங்கல், பொத்தான் ஒன்று தள்ளிப் போட்டது. கீழே 'கவலையில்லாத அழகு' என்று எழுதியிருக்கிறாய்.

நேற்று மருந்துக்கடையில் ஒரு கல்லூரிப் பெண், அவளும் ஒரு கையை மட்டும் மடித்திருந்தாள், "அக்கா, அது நீங்கதானே? பொத்தானை வேணும்னே மாத்திப் போட்டீங்களா? செமக்கா!" என்றாள். ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வந்தேன். ஆபீஸில் இவரை, "உன்னைவிட உன் சட்டை ஃபேமஸ்டா" என்கிறார்களாம். இவர் சிரிக்கிறார்.

கேட்காமல் போட்டுவிட்டாய். நீக்கிவிடு அக்கா.

உன் தங்கை

*

மார்ச் 8

என் செல்ல முணுமுணுப்புக்கு,

ஊரே கொண்டாடுகிறது, நீ மூக்கைச் சிந்துகிறாய்! என் வழக்கம்தான் உனக்குத் தெரியுமே. முதலில் படம், பிறகுதான் பேச்சு. நான் வாயைத் திறந்தால் போதும், சட்டையை இழுத்துவிட்டுக்கொள்வார்கள், வயிற்றை உள்ளே தள்ளுவார்கள். அப்புறம் அது அவர்கள் உடுப்பே இல்லை.

அன்றைக்கு உன்னை எடுத்ததும் ரோட்டைக் கடந்து வரத்தான் நினைத்தேன். அதற்குள் மஞ்சள் மழைக்கோட்டும் சிவப்பு ஷூவுமாக ஒரு பெரியவர் போனார். அவர் பின்னால் ஓடிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே.

ஹேர்பின் கோணியிருந்தால்கூட வாசலைத் தாண்டாதவள் நீ. அப்படி நிற்பதைப் பார்த்து எனக்குப் பெருமையாக இருந்ததடி. படம் இருக்கட்டுமே?

பாப்பாவுக்கு முத்தம்.
அக்கா

*

மார்ச் 12

அக்கா,

பால் பாட்டில் கழுவியதால் வலது கையை மடித்திருந்தேன். பொத்தானை நான் பார்க்கவே இல்லை. ஹேர்பின் கோணினால் வாசலைத் தாண்டாதவள் என்று நீயே எழுதுகிறாய், அப்புறம் எப்படி உனக்குப் பெருமை வந்தது?

பாப்பாவை இவரிடம் கொடுத்துவிட்டு, பால் பவுடர் வாங்கப் போகிறேன் என்று கிளம்பினேன். கடை எங்கள் மாடிக்கு நேர் கீழே இருக்கிறது, உனக்கே தெரியும். பஸ் நிறுத்தத்தில் எனக்கு என்ன வேலை? எந்த பஸ் முதலில் வருகிறதோ அதில் ஏறிவிடுவது என்று நின்றேன். எங்கே போக என்று யோசிக்கவில்லை. ஒரு பஸ் வந்தது, கதவும் திறந்தது. பாப்பாவுக்குப் பசிக்கிற நேரம். மார்பு கனத்து சட்டை நனைந்தது. திரும்பி நடந்தேன்.

இப்போதும் செருப்பு மாட்டும்போதெல்லாம் அந்த நினைப்பு வருகிறது. பயமாக இருக்கிறது. இவரிடம் சொன்னால், "தூக்கம் இல்லைல, அதான். சரியாப்போயிடும்" என்கிறார்.

நீ எதிர்ப்பக்கம்தான் நின்றிருக்கிறாய். என் அக்கா நின்றிருக்கிறாள், என் சட்டையைப் பார்த்துக்கொண்டு. ஒரு சத்தம் கொடுத்திருக்கலாம்.

படத்தை வை, இல்லை நீக்கு. பதில் எழுத வேண்டாம்.

*

மார்ச் 14

என் கண்ணே,

படத்தை நீக்கிவிட்டேன். நீக்கும் முன் பெரிதாக்கிப் பார்த்தேன். நான் தொங்குகிறது என்று நினைத்த இடது கை தொங்கவில்லை. சட்டைக்கையின் நுனியை உள்ளங்கைக்குள் சுருட்டி இறுக்கிப் பிடித்திருக்கிறாய். சின்ன வயதில் ஊசி போடக் கூட்டிப்போனால் என் பாவாடையை இப்படித்தான் பிடிப்பாய். கசங்குகிறது விடுடி என்று திட்டுவேன், விடமாட்டாய். ஊரெல்லாம் துணியைப் பார்த்துத் திரிகிற எனக்கு அந்தப் பிடி தெரியவில்லை.

உன் வீட்டுக்காரர் சொல்கிற மாதிரி இது தானாகச் சரியாகிற விஷயமாக எனக்குத் தோன்றவில்லை. டாக்டரிடம் நாம் சேர்ந்தே போவோம். பாப்பாவை நான் தூக்கிக்கொள்கிறேன்.

மணி அடித்தால் பாப்பா எழுந்துவிடுவாள் என்று இதைக் கதவுக்கு அடியில் தள்ளுகிறேன். கேமரா கொண்டுவரவில்லை. வெளியே படியில் உட்கார்ந்திருக்கிறேன்.

சட்டையைச் சரிசெய்துகொண்டு நிற்காதே. இருக்கிறபடியே வந்து கதவைத் திற.

அக்கா